டிஃபோவின் கையைப் பிடித்து வந்த பையன்

கால்பந்து மேட்ச் தொடங்கும் முன், வீரர்களின் கையைப் பிடித்துக்கொண்டு குட்டிப் பிள்ளைகள் மைதானத்துக்குள் வருவார்களே, அதை நான் தவறவிடுவதே இல்லை. பார்க்கும்போதெல்லாம் பிராட்லி லோவரி ஞாபகம் வந்துவிடும்.

இங்கிலாந்தின் சண்டர்லாந்து கிளப் அணியின் குட்டி ரசிகன். நியூரோபிளாஸ்டோமா என்ற கொடிய புற்றுநோய். 2016 செப்டம்பரில் எவர்டனுக்கு எதிரான ஆட்டத்தில் மாஸ்காட்டாக, அதாவது வீரர்களோடு மைதானத்துக்குள் வரும் பிள்ளையாக, வந்தான். அவன் சிகிச்சைக்கு 2 லட்சம் பவுண்டு கொடுத்தது யார் தெரியுமா? எதிரணியான எவர்டன்! சண்டர்லாந்தின் ஸ்ட்ரைக்கர் ஜெர்மைன் டிஃபோவோடு அப்படி ஒட்டிக்கொண்டான் பையன். டிசம்பரில் செல்சி மேட்சுக்கு முன்னால், அவர்களுடைய கோல்கீப்பர் பெகோவிச்சை நிற்கவைத்து ஒரு பெனால்டியும் அடித்தான்.

2017 மார்ச், லண்டன் வெம்ப்ளி மைதானம். இங்கிலாந்துக்கும் லிதுவேனியாவுக்கும் ஆட்டம். இங்கிலாந்து ஜெர்சியில், டிஃபோவின் கையைப் பிடித்தபடி பிராட்லி நடந்து வந்தான். 21-வது நிமிடத்தில் டிஃபோ கோல் போட்டார். நாட்டுக்காக அவர் கோல் அடித்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

அந்த ஜூலையில் பிராட்லி போய்விட்டான். ஆறே வயசு.

வீரர்களின் கையைப் பிடித்து வரும் இந்த வாய்ப்பை இன்று சில கிளப்புகள் பெற்றோரிடம் காசுக்கு விற்கின்றன. மனசு ஆறவே மாட்டேங்குது. இலவசமாகக் கொடுக்கும் கிளப்புகளும் இருக்கின்றன. எல்லாரும் அப்படியே கொடுக்கட்டும்.