ஐந்தாம் நாள் தலைவலி

எனக்கு 31 வயது, கோத்தகிரி பக்கம், வீட்டில் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. கர்ப்பத்தின் ஏழாவது மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். 140க்குக் கீழே இருக்க வேண்டியது, எனக்கு 161. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை இல்லையே என்று நர்ஸ் அக்காவிடம் சண்டைக்கே போனேன். நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை ஒழுங்காக வேலை செய்ய விடாது, யாருக்கும் வரலாம் என்று பொறுமையாகச் சொன்னார்.

முதலில் போனது வர்க்கி. சாயங்காலம் டீயோடு நாலு வர்க்கி இல்லாமல் வளர்ந்தவள் இல்லை நான், மைதாவும் டால்டாவும் சேர்ந்த பண்டம் என்று அப்போதுதான் உறைத்தது. அதைவிட அதிர்ச்சி ராகிக் களி. அது சர்க்கரையை ஏற்றாது என்று ஊரே சொன்னது, இரண்டு உருண்டை சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பார்த்தால் 148! 120ஐத் தாண்டக் கூடாது என்றிருந்தார் டாக்டர். அப்புறம் ஒரு உருண்டை, கூடவே கீரையும் பீன்ஸும் முட்டையும், சாப்பிட்டதும் வீட்டு மேட்டில் மெதுவாக ஒரு நடை என்று மாற்றியதில் இன்சுலின் போடாமலே சமாளித்தேன்.

கடைசி மாதம் பிரஷர் 138/88 வரை வந்தது, பார்டர்தான் என்று விட்டுவிட்டார்கள். நல்லபடியாகப் பிரசவம் ஆகி மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். குழந்தைக்கு எப்போது எந்த ஊசி என்று ஒரு அட்டை கொடுத்தார்கள். என் பிரஷரை மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

ஐந்தாம் நாள் தலை வெடிப்பது போல வலி, கண்ணில் பூச்சி பறந்தது. "பச்சை உடம்பு, பனி ஏறியிருக்கும் கண்ணு" என்று அத்தை மப்ளரைச் சுற்றி சுக்குக் காப்பி கொடுத்தார். அவர் பிரஷர் மெஷினிலேயே பார்த்தோம்: 164/112. கால் மணி நேரம் கழித்தும் இறங்கவில்லை. 108ஐ அழைத்து ஊட்டிக்குப் போனோம், வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்பேட் போட்டார்கள். பிரசவத்துக்குப் பின் மூன்றிலிருந்து ஆறு நாளுக்குள்தான் பிரஷர் உச்சத்துக்குப் போகுமாம், அதாவது எல்லோரும் வீட்டுக்கு வந்து படுத்திருக்கும் நேரத்தில்! பிரஷருக்கு நிஃபெடிபின் மாத்திரை எடுத்தேன், தாய்ப்பால் நிறுத்த வேண்டியிருக்கவில்லை.

ஆறாவது வாரம் மறுபடியும் அதே குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கணும். தனியாக என்றால் நிச்சயம் போயிருக்க மாட்டேன், பாப்பாவின் தடுப்பூசி நாளோடு சேர்த்துக்கொண்டேன். 152. சர்க்கரை நோய் இல்லை, ஆனால் நார்மலும் இல்லை, வருஷா வருஷம் பார்க்கணும். கர்ப்பத்தில் இப்படிப் பிரஷர் ஏறியவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு, பக்கவாத வாய்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்றும், எந்த டாக்டரிடம் போனாலும் இதைச் சொல்லணும் என்றும் சொன்னார்கள். அடுத்த குழந்தை என்றால் மறுபடி இப்படிப் பிரஷர் ஏறாமலிருக்க 12 வாரத்திலேயே ஆஸ்பிரின் பற்றிப் பேச வரணுமாம்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் அத்தைக்குப் பிரஷர் பார்க்க வீட்டுக்கு வரும் அக்காவிடம் இப்போது நானும் கையை நீட்டிவிடுகிறேன். போன மாதம் 126/82. அத்தைக்கு என்னைவிடக் குறைவு, அதில் அவருக்கு ஒரே பெருமை.