குடிநோய்ச் சிகிச்சையில் வி.ஆர். (வர்ச்சுவல் ரியாலிட்டி): காட்சியும் அமர்வும் எப்படி அமைய வேண்டும்

மதுவை நிறுத்தவைக்கும் டீடாக்ஸ் சிகிச்சை முடித்து வீடு திரும்புகிறவரின் உடம்பில் மது இருக்காது. ஆனால் கடைத்தெரு, சம்பள நாள், மூடி திருகும் சத்தம், கூட்டாளியின் குரல் எல்லாம் வெளியே அப்படியேதான் இருக்கும். ஆண்டுக்கணக்கில் இவற்றோடு சேர்த்தே குடித்துப் பழகிய மூளை, இதில் ஒன்றைக் கண்டாலே மதுவுக்குத் தயாராகிவிடும். வாயில் எச்சில் ஊறும், நெஞ்சு படபடக்கும். வார்டுக்குள் இந்தத் தூண்டல் எதுவும் கிடையாது. "இனிமே தொடமாட்டேன் சார்" என்று மனதாரச் சொன்னவர் பஸ் ஸ்டாண்டிலேயே குடித்துவிடுவது இதனால்தான். அவர் பொய் சொல்லவில்லை.

தூண்டலைக் காட்டி, குடிக்காமலே அதைக் கடக்கவைக்கும் சிகிச்சை பழையது. மேஜையில் பாட்டிலை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், மோந்து பார்க்கச் சொல்வார்கள். போதைச் சிகிச்சையில் இந்த முறைக்கு உறுதியான பலன் தெரியவில்லை என்று 2002-இல் ஆய்வாளர்கள் காங்க்லின், டிஃபனி இருவரும் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து எழுதினார்கள். அவர்கள் காட்டிய காரணம் முக்கியமானது: ஓரிடத்தில் கற்ற அடக்கம் வேறிடத்துக்குத் தானாக வராது. ஆலோசனை அறையில் அடங்கிய கிரேவிங் (குடிக்கவேண்டும் என்ற தவிப்பு), பாரில் மறுபடி தலைதூக்கும். கண்ணில் ஹெட்செட் மாட்டி, ஓர் இடத்தில் நேரில் இருப்பதுபோல் காட்டும் வி.ஆர். உதவக்கூடிய இடம் இதுதான். அறையை விட்டு வெளியேறாமலே பல இடங்களைக் கொண்டுவரலாம்.

பார்சிலோனா பல்கலைக்கழகக் குழு உருவாக்கிய 'ஆல்கோ வி.ஆர்.' மென்பொருளில் வீடு, பார், உணவகம், பப் என்று நான்கு இடங்கள் உண்டு. எந்த இடத்தில், எந்த மதுவைக் கண்டால் எவ்வளவு கிரேவிங் வருகிறது என்று முதலில் நோயாளியே மதிப்பெண் போடுவார். குறைந்ததிலிருந்து கூடியதற்கு அந்த வரிசைப்படி ஏறுவார்கள். அவர்கள் திட்டமிட்டது ஆறு அமர்வு.

ஆனால் அந்த மென்பொருளை அப்படியே வாங்கி மதுரையிலோ சேலத்திலோ மாட்டிவிட்டால் வேலை நடக்காது. ஸ்பானிய பப்பில் உட்கார்ந்து நம் ஆளுக்கு என்ன தோன்றும்? அவருடைய தூண்டல் 180 மி.லி. குவாட்டர், தண்ணீர் பாட்டில், ஊறுகாய், ஈரமான மேஜை, மங்கிய டியூப்லைட். ஆளுக்குப் பாதி போட்டு 'கட்டிங்' அடிக்கக் கூட்டாளி தேடும் குரலும் அதில் சேரும். பலர் பாருக்கே போவதில்லை. கடை ஓரம், கண்மாய்க்கரை, மொட்டை மாடி. சிலருக்குச் சண்டை போட்டபின் வீட்டில் நிலவும் அமைதியே தூண்டல். ஆகவே காட்சி செய்வதற்கு முன், கடைசியாகக் குடித்த ஐந்து முறையையும் கேட்டு எழுத வேண்டும்: எங்கே, எத்தனை மணிக்கு, யாரோடு, என்ன சரக்கு, கையில் எவ்வளவு காசு. இதைச் சரியாகக் கேட்டால் பாதி வேலை முடிந்தது என்பது என் உறுதியான கருத்து.

செலவு குறைவான வழி 360 டிகிரி வீடியோ. உண்மையான பாரில் மற்றவர்கள் முகம் விழும்படி எடுக்கக் கூடாது. நடிகர்களை வைத்து எடுங்கள். கேமராவை உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில், தரையிலிருந்து சுமார் 115 முதல் 120 செ.மீ.க்குள் வையுங்கள். நிற்பவர் உயரத்தில் வைத்தால், நாற்காலியில் இருக்கும் நோயாளிக்கு மிதப்பதுபோல் இருக்கும். வீடியோவில் கிளாஸைக் கையில் எடுக்க முடியாது, சரக்கை மாற்ற முடியாது. அதெல்லாம் வேண்டுமென்றால் யூனிட்டி போன்ற மென்பொருளில் காட்சியைக் கட்ட வேண்டும். ஒரு காட்சியை மிக அழகாகச் செய்வதைவிட, சுமாராக நான்கு இடங்களைச் செய்வது மேல்.

யாருக்கு மாட்டக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நடுக்கம் இருக்கும்வரை கூடாது. குடியை நிறுத்திய முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை குழப்பமும் இல்லாததைக் காண்பதுமாக டெலிரியம் வரலாம். அது உயிருக்கே ஆபத்து. அந்தக் கட்டத்தில் தேவை டாக்டரும், மருந்தும், தயமின் (வைட்டமின் பி1) ஊசியும். வலிப்பு நோய் உள்ளவருக்கும், இல்லாத குரல் கேட்பவருக்கும் மனநல மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் ஹெட்செட் வேண்டாம்.

அமர்வுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஒதுக்குங்கள். முதல் பத்து நிமிடம் ஹெட்செட் இல்லாமல்: நேற்று எப்படிப் போனது, இப்போது கிரேவிங் 0 முதல் 100-க்குள் எவ்வளவு, இன்று பார்க்கப்போவது என்ன. கூடவே ஒரு கேள்வி: "பாட்டிலைப் பத்து நிமிஷம் பாத்துக்கிட்டே இருந்தா என்ன ஆகும்னு நெனைக்கிறீங்க?" "தாங்க முடியாது சார், எழுந்து ஓடிருவேன்" என்பார். அவர் சொன்னபடியே எழுதி வையுங்கள். பிறகு இருபது, முப்பது நிமிடம் காட்சி. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மதிப்பெண் கேளுங்கள். 30, 55, 80 என்று ஏறும்; அப்போது பேச்சைக் குறையுங்கள். ஏறியது பெரும்பாலும் தானாகவே இறங்கும். கழற்றியபின் எழுதி வைத்ததைக் காட்டி, என்ன நடந்தது என்று அவரையே சொல்லவிடுங்கள்.

எங்கே கெட்டுப்போகும்? மதிப்பெண் உச்சத்தில் இருக்கும்போது பயந்து ஹெட்செட்டைக் கழற்றிவிடுவது முதல் தவறு. தப்பித்தால்தான் அடங்கும் என்ற பாடம்தான் அவருக்குப் போய்ச் சேரும். அடுத்தது, ஆரம்பத்திலிருந்தே 10, 10, 10 என்று சொல்பவர். கண்ணை மூடிக்கொண்டிருப்பார், அல்லது மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார். அவர் பார்ப்பதைத் தனித் திரையில் நீங்களும் பார்த்தபடி, "டம்ளர்ல என்ன நிறம் தெரியுது?" என்று கேளுங்கள்.

குமட்டலும் ஆளை ஏமாற்றும். வியர்வை, படபடப்பு இரண்டும் கிரேவிங்கிலும் வரும், வி.ஆர். தலைசுற்றலிலும் வரும். ஆகவே குமட்டலுக்குத் தனி மதிப்பெண் கேளுங்கள். காட்சிக்குள் ஜாய்ஸ்டிக்கால் நடக்கவிடாதீர்கள். நீண்டகாலம் குடித்தவர்கள் பலருக்குச் சமநிலை குறைவு. சக்கரமில்லாத, கைப்பிடி வைத்த நாற்காலி கட்டாயம்.

பலரும் கவனிக்காத ஒன்று சானிடைசர். ஹெட்செட்டை ஸ்பிரிட்டில் நனைந்த துடைப்புத் தாளால் துடைத்து அப்படியே முகத்தில் மாட்டினால், காட்சி தொடங்குமுன்பே மூக்கில் ஆல்கஹால். நீங்கள் போடாத தூண்டலோடு அமர்வு ஆரம்பிக்கும். குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிரம் மருந்தை எடுப்பவருக்கு இது இன்னும் மோசம். மது ஆவியைச் சுவாசித்தாலும் சிலருக்கு ஒவ்வாமல் போகும். ஆல்கஹால் இல்லாத துடைப்புத் தாளும், ஆளுக்கொரு முகத்துணியும் வையுங்கள். லென்ஸுக்கு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும்.

எதிர்பார்ப்பு அளவோடு இருக்கட்டும். தென்கொரியாவில் 12 நோயாளிகளுக்கு 5 வாரத்தில் 10 அமர்வு கொடுத்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். முதலில் மனதைத் தளர்த்தும் காட்சி, பிறகு மற்றவர்கள் குடிக்கும் உணவகம், கடைசியில் வாந்திச் சத்தமும் நாற்றமுமான காட்சி. மூளையின் சில பகுதிகளில் இருந்த மிகைச் செயல்பாடு குறைந்தது ஸ்கேனில் தெரிந்தது. நல்ல செய்திதான், ஆனால் ஸ்கேன் மாறுவதும் குடிக்காமல் இருப்பதும் ஒன்றல்ல. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள், கவுன்சலிங், குடும்பத்தின் துணை ஆகியவற்றோடு சேரும் ஒரு பகுதியாகத்தான் வி.ஆர்.ஐப் பார்க்கிறேன். இவற்றை நிறுத்திவிட்டு இதை விற்கும் இடத்துக்கு யாரையும் அனுப்பமாட்டேன்.

கடைசியாக, நேரம். மதிப்பெண் ஆரம்ப அளவுக்கு இறங்கும்வரை அவர் கிளினிக்கிலேயே இருக்கட்டும். டீ, வீட்டுக்கு ஒரு போன், அரை மணி நேரம். பைக்கில் தனியாக அனுப்ப வேண்டாம். டாஸ்மாக் திறப்பது நண்பகல் 12 மணிக்கு. காலை 9 மணிக்கு அமர்வைத் தொடங்கினால், கடை திறக்குமுன் அவர் வீட்டில் இருப்பார். மாலை 5 மணி அமர்வு நமக்கு வசதி. அவர் திரும்பும் வழியில் எல்லாக் கடையும் திறந்திருக்கும்.