264 டைல்ஸும் 22 அடிப் பாதையும்

கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 30 அடிக்கு 20 அடியில் ஒரு காலியிடம். சுற்றுச்சுவர் உண்டு, ஒன்றரை சென்ட்டுகூட வராது. மச்சான் வீடு கட்டி முடித்ததும் மிஞ்சிய ஓரடிக்கு ஓரடி பார்க்கிங் டைல்ஸை வண்டியில் ஏற்றி இங்கே இறக்கிவிட்டுப் போனார். சீட்டில் 264 என்று எழுதியிருந்தது. சும்மா வந்ததை வேண்டாமென்று சொல்லும் பழக்கம் நம் குடும்பத்தில் இல்லை.

"சுவரை ஒட்டி நாலு பக்கமும் ஒரே அகலத்துல நடைபாதை, நடுவுல வெண்டை, கத்தரி" என்றாள் மனைவி. அகலம் எவ்வளவு என்று கேட்டேன். "இருக்கிற கல்லுக்கு எவ்வளவு வருதோ அவ்வளவு."

பத்தாம் வகுப்பு மகளுக்குக் கண்கள் மின்னின. "அப்பா, இது ரண்டாம் கிருதி சமவாக்யம்!" அவள் மலையாள மீடியம். பொள்ளாச்சியில் படித்த எனக்கு அது இருபடிச் சமன்பாடு. பெயர் எதுவானாலும் பயம் ஒன்றுதான்.

அகலம் x. இரண்டு பக்கமும் போக நடுவில் மிஞ்சுவது (30 − 2x)(20 − 2x). 600இல் 264 போனால் 336. பெருக்கிச் சுருக்கினால் x² − 25x + 66 = 0. பழைய சூத்திரத்தைத் தூசி தட்டினேன். 625இல் நாலு அறுபத்தாறைக் கழிக்க வேண்டும், அதுவும் 264! மிச்சம் 361, அதன் வர்க்கமூலம் 19. விடை 3 அல்லது 22.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். மைனஸில் வரும் விடையைத் தள்ளிவிடு என்றுதான் எங்கள் வாத்தியார் சொல்லியிருந்தார். இரண்டுமே ப்ளஸ்! 22ஐப் போட்டுப் பார்த்தேன். நடுவிலிருக்கும் தோட்டத்தின் நீளம் மைனஸ் 14, அகலம் மைனஸ் 24. பெருக்கினால் அச்சு அசலாக 336. கணக்கு சரி, தோட்டத்தைத்தான் காணோம்.

"20 அடி இடத்துல 22 அடிப் பாதையா? பக்கத்து வீட்டு அடுக்களையிலயா நடக்கப் போறீங்க?" என்றாள் மனைவி. மகள் ஒன்றும் பேசாமல் 22ஐ அடித்தாள்.

அதுவரை திண்ணையில் டீ குடித்துக்கொண்டிருந்த கொத்தனார் டம்ளரை வைத்தார். "ஏனுங்க, இதுக்கா அரை மணி நேரம்? சுவரோரம் ஒரு சுத்து வெச்சா முப்பதும் முப்பதும், மூலை போக பதினெட்டும் பதினெட்டும். தொண்ணூத்தாறு. உள்ள வர வர சுத்துக்கு எட்டு கொறையும். எம்பத்தெட்டு, அப்புறம் எம்பது. கூட்டிப் பாருங்க அம்மிணி."

264. மூன்று சுற்று, மூன்று அடி.

"அப்பா, இது சமாந்தர ஶ்ரேணி. எங்களுக்கு முதல் பாடமே அதுதான்" என்றாள் மகள், என்னைப் பார்க்காமல். நான் படித்த கூட்டுத் தொடர்வரிசைதான்.

சாயங்காலம் வேலை முடியும்போது கடைசி மூலையில் ஒரு குழி. வண்டியில் வரும்போதே ஒரு கல் உடைந்திருக்கிறது. சீட்டை நம்பி யாரும் எண்ணவில்லை. "263ன்னு போட்டிருந்தா மூலம் முழுசா வந்திருக்காதுப்பா" என்று மகள் ஆறுதல் சொன்னாள்.

இப்போது அங்கே ஒரு துளசி நிற்கிறது. ஆரம்பத்திலிருந்தே அது தன்னுடைய பிளான் என்று மனைவி வருபவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.