வீட்டில் செய்த பூட்டுக்கு வாலட் சாவி: சான்றிதழ் எங்கே குறுக்கிடுகிறது?

போனின் வாலட் ஆப்பில் இருக்கும் சாவியைத் தட்டினால் திறக்கும் பூட்டை நீங்களே செய்தால், அதற்கு ஆப்பிளின் சான்றிதழ் வேண்டுமா? சொந்தக் கதவுக்கு மட்டும் என்றால் வேண்டாம். பெட்டியில் போட்டு விற்கப் போகிறீர்கள் என்றால் வேண்டும். ஆனால் இந்தப் பதில் ஆப்பிளின் ஹோம் கீக்கு, அதாவது ஐபோன் வாலட்டில் இருக்கும் வீட்டுச் சாவிக்கு, மட்டும்தான்.

சாவி எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம். ஆப்பிளின் வீட்டுக் கருவி அமைப்பான ஹோம்கிட்டில் பூட்டைச் சேர்க்கும்போது, ரீடருக்கான (பூட்டில் போனைப் படிக்கும் பகுதி) ரகசியச் சாவியை வீட்டுக்காரரின் ஐபோனே அதற்குள் எழுதிவிடுகிறது. ஆப்பிள் கையெழுத்திட்ட எதையும் பூட்டு காட்ட வேண்டியதில்லை. சான்று பெறாத கருவி என்று ஹோம் ஆப் ஒருமுறை எச்சரிக்கும்; பரவாயில்லை, சேர் என்றால் சேர்ந்துவிடும். ஓட்டல் அறை, அலுவலக பேட்ஜ் வகையறா அப்படியல்ல. அவை அனுமதி பெற்ற நிறுவனங்கள் வழியாக மட்டுமே வாலட்டுக்குள் வரும்.

ஒரு இஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகை), போனைப் படிக்கும் ரீடராக ஒரு பிஎன்532 என்எஃப்சி பலகை, ரிலே (சிக்னலால் இயங்கும் சுவிட்ச்), 12 வோல்ட் ஸ்ட்ரைக் (கதவுச் சட்டத்தில் பொருத்தும் மின்பூட்டு) போதும். மென்பொருளுக்கு, இஎஸ்பி32-ஐ ஹோம்கிட் கருவியாக்கும் ஹோம்ஸ்பேன் நூலகத்தின் மேல் எழுதப்பட்ட ஹோம்கீ-இஎஸ்பி32 திட்டம் இருக்கிறது. பிஎன்532 வி3 பலகையில் முதல் சுவிட்ச் ஆஃப், இரண்டாவது ஆன், அதுதான் இரு பலகைகளும் பேசிக்கொள்ளும் எஸ்பிஐ இணைப்பு. வயர்கள் இஎஸ்பி32-இன் இந்த எண் பின்களுக்கு: எஸ்எஸ் 5, கிளாக் 18, மிசோ 19, மோசி 23.

பலர் வழுக்கி விழும் இடம் யுஐடி, அதாவது கார்டின் அடையாள எண். அந்த எண்ணைப் பார்த்துத் திறக்கும் பழைய புரோகிராம் போனிடம் செல்லாது. போன் ஒவ்வொரு முறையும் 08 என்று தொடங்கும் புதுப்புது எண்ணைத் தரும். தவிர, ரீடர் இசிபி எனும் சிறப்பு அழைப்பை அனுப்பாவிட்டால், தட்டியதும் பணம் செலுத்தும் கார்டுதான் எட்டிப்பார்க்கும்.

ரிலேயில் கஞ்சத்தனம் வேண்டாம். லோ சிக்னலில் இயங்கும் ரிலே, கரண்ட் போய் வரும்போது கணநேரம் கதவைத் திறந்துவிடலாம். இஎஸ்பி32 விழிக்கும் வரை அதன் சிக்னல் பின்னின் நிலை உறுதியில்லை என்பதே காரணம். ஹை சிக்னல் ரிலேயும், பின்னை லோவிலேயே பிடித்துவைக்கும் 10 கிலோ ஓம் புல்டவுன் ரெசிஸ்டரும் போடுங்கள். ஸ்ட்ரைக் சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு, வெள்ளைப் பட்டை பாசிட்டிவ் பக்கம். ரீடரை இரும்புக் கதவில் ஒட்டினால் ஆன்டெனா செத்துவிடும். நடுவில் ஃபெரைட் (காந்தப்புலத்தை இரும்பிடமிருந்து காக்கும் பொருள்) தாள் வையுங்கள்.

இஎஸ்பி32-இன் நினைவகமான ஃபிளாஷை முழுதாக அழித்தால் ரீடர் சாவியும் போகும். ஹோம் ஆப்பில் பூட்டை நீக்கி மறுபடி சேர்க்க வேண்டும். அப்டேட் செய்யும்போது ஃபிளாஷில் புரோகிராம் இருக்கும் பகுதியை மட்டும் எழுதுங்கள்.

ஆண்ட்ராய்டுக்கு வாலட்டை மறந்துவிடுங்கள். போன் கார்டு போல நடிக்கும் எச்சிஇ வசதி ஆண்ட்ராய்டு 4.4 முதலே உண்டு; சொந்தமாகச் சின்ன ஆப் எழுதி, ரீடர் அனுப்பும் சவால் எண்ணுக்குக் கையெழுத்திட்டுப் பதில் தரவையுங்கள்.