வருஷம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு

"வருஷத்தை எல்லாம் எதுக்கு சார் மனப்பாடம் பண்ணணும்? போன்ல தேடினா வந்துடுமே." ஒன்பதாம் வகுப்பில் வருஷா வருஷம் யாராவது இதைக் கேட்பார்கள். வரலாறு நடத்துகிறவனுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. அன்றைய பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு போலிப் பத்திரத்தின் கதையைச் சொல்ல ஆரம்பிப்பேன்.

ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன், தன் தொழுநோயைக் குணப்படுத்திய போப் சில்வெஸ்டருக்கு ரோம் நகரையும் பேரரசின் மேற்குப் பகுதியையும் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லும் பத்திரம் அது. போப்பின் ஆட்சி உரிமைக்கு நூற்றாண்டுக் கணக்கில் அதை ஆதாரமாகக் காட்டி வந்தார்கள். 1440இல் லொரென்சோ வல்லா என்ற இத்தாலிய அறிஞர் அதை வரிவரியாக அலசினார். அதன் லத்தீன் நடை கான்ஸ்டன்டைன் காலத்தது இல்லை என்றார். அவர் சொன்ன இன்னொரு காரணம்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பத்திரத்தில் கான்ஸ்டான்டிநோபிள் திருச்சபையின் தலைமை இடங்களில் ஒன்றாக வருகிறது. பழைய பைசாந்தியம் நகரம் கான்ஸ்டான்டிநோபிளாகி, கான்ஸ்டன்டைனின் தலைநகராகத் திறக்கப்பட்டது 330இல். பத்திரமோ அதற்கும் முந்தியதாம்.

இரண்டையும் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பேசாமல் நிற்பேன். கொஞ்ச நேரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: "சார், அப்போ அந்தப் பேர்ல ஊரே இல்லையே!"

போனில் தேடலாம், சரி. ஆனால் தேட வேண்டும் என்று தோன்றுவதற்கே முதலில் ஒரு சந்தேகம் வரவேண்டுமே. ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு புதிதாக வந்தது முட்டினால்தான் அது வரும். 1983இல் ஜெர்மனியின் ஸ்டெர்ன் இதழ் ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று வெளியிட்டவையும் இப்படித்தான் மாட்டின. அந்தக் காகிதத்தில், போர் முடிந்த பிறகே புழக்கத்துக்கு வந்த வெண்மையூட்டும் ரசாயனம் இருந்தது.

நாளைய டாக்டரும் மெக்கானிக்கும் கணக்காளரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து வரலாறு படிப்பது உயர்நிலைப் பள்ளியோடு முடிந்துவிடுகிறது. அப்புறம் பலரும் அந்தப் பக்கமே வருவதில்லை. அதனால்தான் வருஷத்தை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளும் வினாத்தாளைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு வருத்தம். கேட்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஒரு பழைய கடிதத்தையோ படத்தையோ கொடுத்து, இதில் எது இந்தக் காலத்தோடு ஒட்டவில்லை, ஏன் என்றும் கேளுங்கள். பிள்ளைகள் எழுதுவார்கள், பக்கம் போதாமல் கூடுதல் தாள் வாங்கி எழுதுவார்கள்.