முன்னால் பெரிய பிரேக் போட்டேன், கார் தள்ளிப் போய் நின்றது

சக்கரத்தோடு சுழலும் 280 மில்லிமீட்டர் டிஸ்க், அதை உரசிப் பிடிக்கும் பந்தய பேட், அந்த பேட்டை அழுத்தும் நான்கு பிஸ்டன் காலிப்பர், எஃகு வலை போர்த்திய ஹோஸ். இத்தனையும் முன்சக்கரங்களில் மாட்டி, இரண்டு சனிக்கிழமைகளையும் ஒரு மாதச் சேமிப்பையும் தொலைத்த பிறகு, என் கார் பழைய பிரேக்கில் நின்ற இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இதே பிரேக் செட்டை வாங்கக் கையில் கார்டுடன் உட்கார்ந்திருக்கும் யாராவது படிக்கட்டும்.

என்னிடம் இருப்பது 1.8 லிட்டர் மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்று, பிறகு இங்கிலாந்துக்கு இறக்குமதியான வண்டி. சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. முன் டிஸ்க் 255, பின் டிஸ்க் 251 மில்லிமீட்டர். போன ஆண்டு ஸ்னெட்டர்ட்டன் பந்தயத்தடத்தில் நாலாவது சுற்றிலேயே பெடல் பஞ்சு போல அமுங்கியது. உடனே பிரேக் போதவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். பிரேக் ஆயிலை மாற்றி எத்தனை ஆண்டு ஆயிற்று என்று என்னை நானே கேட்டிருக்க வேண்டும். ஆயில் கொதித்துக் குமிழி விட்டாலும் பெடல் அப்படித்தான் அமுங்கும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய அதே ஆயிலுக்கு 155 டிகிரிதான் உத்தரவாதம். அந்தக் கேள்விக்கு விடை இருபது பவுண்டுக்குள் முடிந்திருக்கும்.

முதலில் இன்ஷூரன்ஸ். இங்கே காரில் எதை மாற்றினாலும் அவர்களிடம் சொல்லியாக வேண்டும். நாற்பது நிமிடம் இசை கேட்ட பிறகு ஒருவர் வந்தார். குதிரைத்திறன் எவ்வளவு கூடியது என்றார். கூடவில்லை, இது பிரேக் என்றேன். அவருடைய திரையில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் வராதாம். பூஜ்யம் போடுங்கள் என்றேன், பூஜ்யத்தை அது ஏற்கவில்லை. கடைசியில் மேலதிகாரியிடம் கேட்டு வந்து, மாட்டிக் கொடுத்த பட்டறையின் கடிதம் வேண்டும் என்றார். மாட்டியதே நான்தான். என் கார் ஷெட்டுக்கு ஏது லெட்டர்ஹெட்? பிறகு வேலை தெரிந்த ஒரு பட்டறையில் பணம் கட்டிப் பரிசோதித்து ஒரு தாள் வாங்கினேன். நீங்கள் தொடங்கும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். தடத்தில் ஓட்டுவதற்குச் சாதாரண பாலிசி பெரும்பாலும் செல்லாது என்பதையும் அதே அழைப்பிலேயே உறுதி செய்துவிடலாம்.

அடுத்த கூத்து காகிதத்தால் வந்தது. காலிப்பர் சக்கரத்துக்குள் அடங்குமா என்று பார்க்க, விற்பவர்கள் ஒரு வரைபடம் தருகிறார்கள். அச்சடித்து அட்டையில் ஒட்டி, வெட்டி, சக்கரத்துக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். நான் பார்த்தேன், அழகாக அடங்கியது. மாட்டிய பிறகு சக்கரத்தின் ஆரக்கால் காலிப்பரில் உரசியது. என் பிரிண்டர் தாளுக்குள் அடக்குவதற்காகப் படத்தைச் சற்றே சுருக்கியிருக்கிறது! வரைபடத்தின் ஓரத்தில் ஓர் அளவுகோல் இருக்கும். அதன்மேல் உங்கள் ஸ்கேலை வைத்துப் பார்த்த பிறகே கத்தரிக்கோலை எடுங்கள். நான் வேறு 15 அங்குலச் சக்கரம் தேடி பர்மிங்காம் வரை போய் வந்தேன்.

கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் எம்ஓடி சோதனையில் தோற்றது முழுக்க என் தவறு. பின்னால் புதிய பேட் போட்டுவிட்டு, காலிப்பரின் பின்புறம் 14 எண் போல்ட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் 4 மில்லிமீட்டர் ஆலன் திருகைச் சரிசெய்யாமல் விட்டேன். ஹேண்ட் பிரேக்கின் பிடிப்பு காரின் எடையில் 16 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. சோதகர் ஒரு வார்த்தை பேசாமல் தாளை நீட்டினார். திருகை இறுக்கி, மறுபடி போய்ச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். உருளைமேல் ஏற்றி நான்கு சக்கரத்தையும் அளக்கிறார்களே, முன்பின் சமநிலை தவறியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும் என்று நம்பியிருந்தேன். தெரியாது. ஓர் அச்சில் இடமும் வலமும் ஒத்துப்போகிறதா, மொத்தப் பிடிப்பு போதுமா என்று மட்டுமே பார்க்கிறார்கள். முன்னுக்கும் பின்னுக்கும் என்ன கணக்கு என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

அது ஸ்னெட்டர்ட்டனில்தான் தெரிந்தது. பெண்ட்லி நேர்ப்பாதை முடிவில் வழக்கமான இடத்தில் பெடலைத் தொட்டேன். தொட்டேன், அவ்வளவுதான். முன் டயர் இரண்டும் பூட்டிக்கொண்டு புகை கிளம்பியது, கார் நேராகப் போய்க்கொண்டே இருந்தது. அடுத்த சுற்றில் இன்னும் மெதுவாக மிதித்தேன், அதேதான். மூன்றாவது சுற்றில் சீக்கிரமே பிரேக் பிடிக்க ஆரம்பித்தேன். கிழவி ஓட்டுவது போல ஓட்டி முடித்து உள்ளே வந்தேன். ஒரு டயரில் தட்டையாக ஒரு தேய்மானம்.

கூட வந்திருந்தது என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துத் தம்பி. அவன் முன்பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து, "அண்ணா, இங்கே வந்து பாருங்கள்" என்றான். இரவு மழையில் நனைந்த பின் டிஸ்க்கில் காலையில் செம்மண் நிறத்தில் துரு பூத்திருந்தது. இருபது நிமிடம் தடத்தில் ஓடிய பிறகும் டிஸ்க்கின் பாதி அகலத்தில் அது அப்படியே படிந்திருந்தது. பின் பிரேக் வேலைக்கே வரவில்லை.

அன்று மாலை தேநீர்க் கடையில் ஒரு டிஷ்யூ தாளில் கணக்குப் போட்டோம். பழைய காலிப்பரில் 51 மில்லிமீட்டர் பிஸ்டன் ஒன்று. புதியதில் ஒரு பக்கத்துக்கு 38 மில்லிமீட்டரில் இரண்டு. பரப்பளவு 11 சதவீதம் கூடுகிறது. டிஸ்க் பெரிதானதால் பேட் அழுத்தும் இடம் மையத்திலிருந்து விலகி, அதில் ஏறக்குறைய 12 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் முன்பக்கப் பிடிப்பு கிட்டத்தட்ட கால்பங்கு உயர்ந்துவிட்டது. இதற்கு மேல் பந்தய பேட்டின் கடி வேறு. ஆனால் முன் டயர் அதே டயர்தான். அது தாங்கும் எல்லை முன்பைவிடக் குறைந்த பெடல் அழுத்தத்திலேயே வந்துவிடுகிறது. அந்தக் குறைந்த அழுத்தம்தான் பின்னுக்கும் போகிறது. முன்னே போட்ட ஒவ்வொரு பவுண்டும் பின் பிரேக்கின் பங்கைத் தின்றிருக்கிறது.

எடை முன்னால் சாயும்போது பின் பிரேக்குக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு: சுமார் 1000 கிலோ கார், முன்பின் சரிபாதி. உச்ச அளவில் பிரேக் பிடிக்கும்போது 200 கிலோ போல முன்னுக்குப் போகிறது. அப்போதும் பின் டயரின்மேல் 300 கிலோ உட்கார்ந்திருக்கிறது. அதைச் சும்மா உட்கார வைத்துவிட்டு நிற்கும் தூரத்தைக் குறைக்க முடியாது.

சரிசெய்த வழி இரண்டு. முதலாவது மலிவு: முன்னே இருந்த பந்தய பேட்டைக் கழற்றி மிதமானதைப் போட்டு, கடுமையானதைப் பின்னுக்கு வாங்கினேன். விற்பனையாளர் அனுப்பியிருந்த பரிந்துரைக்கு நேர்த் தலைகீழ். பாதி வியாதி அதிலேயே போய்விட்டது.

இரண்டாவது, பின்சக்கர அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு வால்வு. கார் தயாரிப்பாளர் வைத்த வால்வை எடுத்துவிட்டுத்தான் இதைப் போட வேண்டும். இரண்டும் வரிசையாக இருந்தால் பின்னுக்கு மிச்சம் எதுவும் போகாது. குழாய் இணைப்பில் ஓர் ஆபத்து உண்டு. காரில் இருப்பது 10 மில்லிமீட்டர் மெட்ரிக் மரை. வால்வோடு வந்தது அங்குலக் கணக்கில் 3/8 மரை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அங்குல நட் மெட்ரிக் துளைக்குள் தளர்வாக ஏறியும் விடும். ஏறியது என்று நினைத்து இறுக்கினால் மரை வழுக்கி, ஆயில் கசியும். விரலால் சுற்றும்போதே ஆட்டம் கண்டதால் தப்பித்தேன். சரியான அடாப்டருக்கு மேலும் ஒரு வாரம் காத்திருப்பு.

திருகை அமைக்க, வாடகைக்கு விடும் பழைய விமானத்தளம் ஒன்றில் பாதி நாள். தம்பி எட்டத்தில் நின்று எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று கை காட்டினான். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது பேராசைப்பட்டு இன்னும் அரைச் சுற்று திருப்பினேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்ததும் பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு வந்தது. பூட்டிய சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடி இருக்காது. முன்சக்கரம் பூட்டினால் கார் நேரே போகும், பின்சக்கரம் பூட்டினால் சுழன்றுவிடும். முன்சக்கரம் முதலில் பூட்டும்படி எல்லாத் தயாரிப்பாளர்களும் வைத்திருப்பது இதற்காகத்தான். சுழன்று நின்றபோது நான் வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி சிரிப்பை அடக்கக்கூட முயலவில்லை.

முழுதாக ஒரு சுற்று பின்வாங்கி, அதிலேயே பூட்டுக்கம்பி கட்டிவிட்டேன். ஈரத்தரையில் அமைக்காதீர்கள். ஈரத்தில் எடை குறைவாகவே முன்னே சாய்வதால் பின் பிரேக் நிறையத் தாங்குவது போலத் தோன்றும். அதே அமைப்பில் காய்ந்த தரையில் மிதித்தால் எனக்கு நடந்ததுதான் நடக்கும்.

போன வாரம் மறுபடி ஸ்னெட்டர்ட்டன். பழைய பிரேக் புள்ளியைத் தாண்டி இரண்டு கார் நீளம் போய் மிதித்தேன், புகை இல்லை. உள்ளே வந்ததும் முதலில் பின் டிஸ்க்கைத்தான் பார்த்தேன். துருவே இல்லை, பளபளவென்று இருந்தது. கை வைக்கப் போன தம்பியைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

புது வால்வைப் பற்றி இன்ஷூரன்ஸில் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை மதியம் அழைக்க வேண்டும். குதிரைத்திறன் எவ்வளவு கூடியது என்று கேட்பார்கள்.