விடைப் படங்களைக் கையால் மறைத்துவிட்டு

அக்கா மகன் கோத்தகிரிப் பக்கம் அரசுப் பள்ளியில் எட்டாவது படிக்கிறான். இந்த வருடம் என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு எழுதினான். தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை வருடத்துக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. தேயிலைக் கொழுந்து பறித்துப் படிக்க வைக்கும் அக்காவுக்கு அது சின்னத் தொகை இல்லை.

மனத்திறன் தாளில் 90 நிமிடம், 90 கேள்வி. அவனைப் படுத்தி எடுத்தது ஒன்பது கட்டப் படப் புதிர்தான். எட்டுக் கட்டத்தில் படம் இருக்கும், கடைசிக் கட்டம் காலி. அதற்குப் பொருந்தும் படத்தைக் கொடுத்திருக்கும் விடைகளிலிருந்து எடுக்க வேண்டும். "மாமா, எல்லா விடையும் சரி மாதிரியே தெரியுது" என்றான். தெரியத்தான் செய்யும். பாதி விதிக்காவது பொருந்துகிற மாதிரிதான் தப்பு விடைகளை வரைவார்கள். அதனால் முதலில் விடைகளைக் கையால் மறைக்கச் சொன்னேன்.

கொழுந்து எடைச் சீட்டின் பின்பக்கம் ஒரு புதிர் வரைந்தேன். முதல் வரிசையில் கூட்டல் குறி, படுக்கைக்கோடு, செங்குத்துக்கோடு. "முதல்ல இருந்து ரெண்டாவதைக் கழிச்சா மூணாவது" என்றான் உடனே. சரி, அடுத்த வரிசைக்குப் போட்டுப் பார் என்றேன். அங்கே ஒரு சாய்கோடு, பெருக்கல் குறி, எதிர்ப்பக்கச் சாய்கோடு. கழித்தல் ஒத்துவரவில்லை. வெகுநேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாக, "ரெண்டுலயும் இருக்கிற கோடு அழிஞ்சிடுது மாமா, ஒண்ணுல மட்டும் இருக்கிறது நிக்குது" என்றான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்! மூன்றாவது வரிசையில் இரண்டு படத்திலும் செங்குத்துக்கோடு உண்டு. கூடவே ஒன்றில் வலச்சாய்வு, மற்றதில் இடச்சாய்வு. பெருக்கல் குறியைத் தானே வரைந்துவிட்டுத்தான் விடைகள் மேலிருந்த கையை எடுத்தான்.

முதல் வரிசையில் தோன்றுவதை நம்பிவிடாதீர்கள், இரண்டாவது வரிசையும் ஒத்துக்கொள்ள வேண்டும். படம் சிக்கலாக இருந்தால் முதல் தடவை அம்புக்குறி திரும்புவதை மட்டும் பாருங்கள், அடுத்த தடவை புள்ளிகளை மட்டும் எண்ணுங்கள்.

இந்த மாதிரிப் படப் புதிர்களை வைத்தே 1938-ல் ஜான் ராவன் வெளியிட்ட புகழ்பெற்ற தேர்வில் 60 புதிர்கள், 5 தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் எளிதில் தொடங்கிப் போகப்போகக் கடினமாகும். முன்னால் போட்டது பின்னால் கைகொடுக்கும். நாங்களும் ஒரே வகையில் பத்துப் பத்தாகத்தான் பழகினோம்.

ஒரு நிமிடம் தாண்டினால் தள்ளி வைத்துவிட்டு மேலே போக வேண்டும். தப்புக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, அதனால் கடைசியில் எதையும் காலியாக விடக் கூடாது.

தேர்வு முடிந்து வந்தவன், பிடிபடாத ஒரு புதிரை பஸ்ஸில் உள்ளங்கையில் வரைந்து காட்டினான். டானிங்டன் நிறுத்தம் வருவதற்குள் அவனே விதியைக் கண்டுபிடித்துவிட்டான்.